ஸ்கிப்போலிலிருந்து ரயிலில் ஒரு பகல் பயணம்: லைடனா, டெல்ஃப்டா, யூட்ரெக்டா?

கேள்வி: கொங்குத்தடம்

அனைவருக்கும் வணக்கம். அலுவலகப் பணிக்காக அக்டோபர் முதல் இரண்டு வாரங்கள் நெதர்லாந்தில் இருக்கப்போகிறேன். தங்கும் விடுதி ஸ்கிப்போல் விமான நிலையத்தின் அருகில் உள்ளது. இம்முறை என் தந்தையையும் உடன் அழைத்து வருகிறேன். அவர் கோவையில் வரலாற்று ஆசிரியராகப் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவர், வயது 74. நடக்க மாட்டார் என்றில்லை, ஆனால் இடது முழங்காலில் வலி உண்டு. படிக்கட்டைக் கண்டால் ஒரு கணம் நின்று யோசிப்பார்.

ஒரே ஒரு பகல் எனக்கு முழுமையாக ஓய்வு கிடைக்கிறது. காலை ஒன்பதரை மணிக்குப் புறப்பட்டு இரவு உணவுக்குள் விடுதிக்குத் திரும்பிவிட வேண்டும். ஆம்ஸ்டர்டாமை வேறொரு மாலையில் பார்த்துக்கொள்வோம். அதனால் இந்த ஒரு நாளை ஏதாவது ஒரு பழைய, சிறிய ஊருக்கு ஒதுக்க நினைக்கிறேன். லைடன், டெல்ஃப்ட், யூட்ரெக்ட் ஆகிய மூன்றையும் குறித்து வைத்திருக்கிறேன். லைடன் என்ற பெயரைக் கேட்டதுமே தந்தை, "ஆனைமங்கலம் செப்பேடு இருக்கும் ஊர் அல்லவா?" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். அவற்றை நேரில் பார்க்க முடியுமா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

சென்ற ஆண்டு வேறொரு நாட்டில் ஒரே நாளில் மூன்று ஊர்களைப் பார்க்கத் திட்டமிட்டு, அவருக்கு மூன்று ரயில் நிலையங்களை மட்டுமே காட்டினேன். அதை அவர் இன்றும் உறவினர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். இம்முறை அந்தத் தவறு நேரக் கூடாது. முன்பதிவு செய்ய வேண்டுமா, இந்திய வங்கி அட்டை செல்லுமா, எந்த ஊர் பொருத்தமாக இருக்கும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன். நாளைப் பொறுத்தவரை அக்டோபர் 3 என்று வைத்திருக்கிறேன். தேவைப்பட்டால் அதை அடுத்து வரும் சனிக்கிழமைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

பதில்: கடலோர ஹேக்

முதலில் நாளை மாற்றுங்கள், ஊரைப் பிறகு பேசலாம். அக்டோபர் 3 அன்று லைடனுக்குப் போனால் நீங்கள் நினைக்கும் லைடனைப் பார்க்க முடியாது. 1574இல் ஸ்பானியப் படை அந்த ஊரை முற்றுகையிட்டுப் பட்டினி போட்டபோது, டச்சுக் கிளர்ச்சிப் படையினர் அணைக்கரைகளை உடைத்து வயல்வெளிகளில் வெள்ளத்தைப் பாய்ச்சி, அதன்மேல் தட்டையான படகுகளில் வந்து ஊரை மீட்டார்கள். அந்த மீட்பு நாள்தான் அக்டோபர் 3. இன்றும் அன்று ஊரே திருவிழாக் கோலம் பூணும். காலையில் ஹெர்ரிங் மீனும் வெள்ளை ரொட்டியும் வழங்குவார்கள், ஊர்வலம் வரும், ராட்டினங்கள் சுற்றும், கடைகளும் அருங்காட்சியகங்களும் பெரும்பாலும் மூடியிருக்கும், தெருவில் தோளோடு தோள் உரசும். இளைஞர்களுக்கு அது கொண்டாட்டம். முழங்கால் வலி உள்ளவருக்கு அல்ல. அடுத்த சனிக்கிழமைக்கு மாற்றினால், புதன், சனி ஆகிய இரு நாட்களிலும் நியவ ரைன் கால்வாயின் ஓரத்தில் கூடும் சந்தையும் கூடுதலாகக் கிடைக்கும்.

ஊரைப் பொறுத்தவரை, உங்கள் தந்தைக்கு லைடன்தான் என்று தயங்காமல் சொல்வேன். பதினான்கு ஆண்டுகளாக ஹேக்கில் இருக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் ஒரு நாளாவது லைடனுக்கு அழைத்துச் செல்வது என் வழக்கம். ஸ்கிப்போலிலிருந்து இன்டர்சிட்டி ரயிலில் கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும், அவ்வளவுதான். ஒரு மணி நேரத்தில் பல ரயில்கள் இருப்பதால், ஒன்றைத் தவறவிட்டால் நடைமேடையிலேயே நின்று அடுத்ததில் ஏறிக்கொள்ளலாம். யூட்ரெக்ட் அரை மணி நேரத் தொலைவில் உள்ள அழகான ஊர்தான். ஆனால் அங்கு எல்லோரும் சொல்லும் டோம் கோபுரம் 112 மீட்டர் உயரம், 465 படிகள்; கால்வாய் ஓரத்துப் பழைய நிலவறை உணவகங்களுக்கும் படி இறங்கித்தான் போக வேண்டும். படியேறாமல் கீழே நின்று பார்ப்பதற்கும் அந்தக் கோபுரத்தில் ஒரு கதை உண்டு. 1674இல் வீசிய புயலில் தேவாலயத்தின் நடுப்பகுதி சரிந்து விழுந்ததால், கோபுரம் ஒருபுறமும் தேவாலயத்தின் எஞ்சிய பகுதி மறுபுறமுமாக, இடையில் ஒரு சதுக்கத்தை விட்டு நிற்கின்றன. ஆயினும் ஒரே நாள்தான் என்றால் நான் அங்கே போக மாட்டேன்.

லைடனில் உங்களுக்கு வேண்டிய நிலையம் லைடன் சென்ட்ரால். யூட்ரெக்ட் தடத்தில் லைடன் லாமன்ஸ்கான்ஸ் என்று இன்னொரு சிறிய நிலையம் இருக்கிறது. பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். (முற்றுகையிட்ட ஸ்பானியர்கள் விட்டுவிட்டு ஓடிய குழம்புச் சட்டியை ஓர் அநாதைச் சிறுவன் கண்டெடுத்ததாகச் சொல்லப்படும் இடம் அதுதான். அக்டோபர் 3 அன்று வீடுதோறும் கேரட்டும் வெங்காயமும் உருளைக்கிழங்கும் மசித்த ஹுட்ஸ்பாட் செய்வது அந்தச் சட்டியின் நினைவாகத்தான். உங்கள் தந்தைக்கு இதைச் சொல்லுங்கள்.) நிலையத்திலிருந்து ஊர் மையம் இருக்கும் பக்கமாக வெளியே வாருங்கள். எதிர்ப்பக்கமாக வந்தால் பல்கலைக்கழக மருத்துவமனைக்குத்தான் போய்ச் சேருவீர்கள்.

வெளியே வந்து நேராக நடந்தால் சில நிமிடங்களில் இடப்புறம் டெ வல்க் என்ற காற்றாலை தெரியும். 1743இல் கட்டப்பட்டது, ஏழு தளங்கள் கொண்டது, இப்போது அருங்காட்சியகம். உள்ளே இருப்பது ஏணியைப் போன்ற செங்குத்தான படிக்கட்டு. கீழிருந்து படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுங்கள். பேஸ்டன்மார்க்ட் சதுக்கத்தில் கால்வாய்ப் படகுகள் நிற்கும். முழங்கால் வலிக்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை. நடந்தால் இரண்டு மணி நேரம் பிடிக்கும் ஊரை ஒரு மணி நேரத்துக்குள் உட்கார்ந்தபடியே சுற்றிப் பார்த்துவிடலாம். முதலில் படகு, பிறகு ராப்பன்பர்க் கால்வாய்க்கரை, பிறகு சந்தை என்று வைத்துக்கொண்டால் போதும். இதற்கு மேல் எதையும் திணிக்காதீர்கள்.

நடக்கும்போது ஒன்று: செந்நிறத் தார் போட்ட பாதை மிதிவண்டிகளுக்குரியது. நம்மூரில் மோட்டார் வாகனத்துக்கு ஒதுங்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு, சத்தமே இல்லாமல் பின்னால் வரும் மிதிவண்டி பிடிபட இரண்டு நாளாகும்.

பதில்: தட்டு மறவாதே

பயணச்சீட்டைப் பற்றிய பகுதியை நான் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் ஊரிலிருந்து வருபவர்கள் தடுமாறும் இடம் அதுதான். நெதர்லாந்தின் உள்நாட்டு ரயில்களில் இருக்கை முன்பதிவு தேவையில்லை. முன்கூட்டி வாங்கினால் மலிவு என்பதும் சாதாரணப் பயணச்சீட்டுக்குப் பொருந்தாது. கட்டணம் தொலைவைப் பொறுத்தது. எனவே இன்று வாங்கினாலும் பயணத்தன்று வாங்கினாலும் ஒன்றுதான். மழை வந்தால் திட்டத்தை மாற்றிக்கொள்ளும் சுதந்திரம் உங்களிடமே இருக்கும்.

எளிய வழி வங்கி அட்டையையே பயன்படுத்துவது. தொடுவுணர் (காண்டாக்ட்லெஸ்) வசதியுள்ள விசா அல்லது மாஸ்டர்கார்டு அட்டையை நிலையத்தில் உள்ள கம்பத்திலோ வாயிற்கதவிலோ ஒருமுறை காட்டிச் செக் இன் செய்ய வேண்டும். இறங்கும் ஊரில் அதே அட்டையை மீண்டும் காட்டிச் செக் அவுட் செய்ய வேண்டும். கட்டணம் மறுநாள் கணக்கிலிருந்து பிடிக்கப்படும். இதில் நான்கு செய்திகளை மறக்கக் கூடாது. ஒருவருக்கு ஓர் அட்டை. ஒரே அட்டையை இருமுறை காட்டி இருவர் பயணம் செய்ய முடியாது, இரண்டாவது முறை காட்டினால் அது செக் அவுட் ஆகிவிடும். ரூபே அட்டை இங்கு உதவாது. இந்திய வங்கிகள் வழங்கும் அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடும் தொடுவுணர் பயன்பாடும் தனித்தனியாக அனுமதிக்கப்பட வேண்டும் என்பதால், புறப்படும் முன்பே வங்கிச் செயலியில் இரண்டையும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். தந்தையின் அட்டைக்கும் செய்யுங்கள். நான்காவதாக, அதே அட்டையைக் கைபேசியில் சேர்த்திருந்தாலும் கைபேசியும் அட்டையும் இரண்டு தனி அட்டைகளாகவே கணக்கில் வரும். அட்டையால் ஏறிக் கைபேசியால் இறங்கினால், முடிவு பெறாத பயணங்கள் இரண்டு உங்கள் பெயரில் நிற்கும்.

அட்டை வேண்டாம் என்றால் என்.எஸ். என்ற டச்சு ரயில் நிறுவனத்தின் செயலியிலோ இணையதளத்திலோ அந்த நாளுக்கான மின்பயணச்சீட்டை வாங்கிக்கொள்ளலாம். நிலைய இயந்திரத்திலும் காகிதச் சீட்டு கிடைக்கும், ஆனால் அதற்குக் கூடுதல் கட்டணம் உண்டு. வங்கி அட்டையால் செக் இன் செய்தால் அது இரண்டாம் வகுப்புக்கே செல்லும். பெட்டியின் மேல் 1 என்று எழுதியிருந்தால் ஏறி உட்காராதீர்கள். காலியாக இருக்கிறதே என்று நான் ஒருமுறை உட்கார்ந்து, பரிசோதகர் வந்தபின் எழுந்து நடந்தேன்.

ஸ்கிப்போல் நிலையம் விமான நிலையத்தின் அடியிலேயே இருக்கிறது. நடைமேடைக்கு இறங்கச் சாய்வான நகரும் பாதையும் லிஃப்டும் உண்டு, படி இறங்க வேண்டியதில்லை. அறிவிப்புப் பலகையில் இன்டர்சிட்டி டைரக்ட் என்று காட்டும் ரயில் விரைவு ரயில் என்று எண்ணி ஏறிவிடாதீர்கள். அது லைடனில் நிற்காமல் ராட்டர்டாமுக்குப் போய்விடும். ஹேக் நகரம் பலகையில் டென் ஹாக் என்றிருக்கும். டென் ஹாக் சென்ட்ரால் போகும் இன்டர்சிட்டியில், இடையில் நிற்கும் ஊர்களின் வரிசையில் லைடன் இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு ஏறுங்கள். பெரும்பாலான இன்டர்சிட்டிகள் இரட்டை அடுக்கு ரயில்கள். ஏறியவுடன் மேலே போகவும் கீழே போகவும் படிதான் இருக்கும். ஆனால் கதவருகே சம தளத்தில் மடக்கு இருக்கைகள் உண்டு. கால் மணி நேரப் பயணத்துக்குத் தந்தையை அங்கேயே அமர வைத்துவிடலாம்.

வார இறுதி நாட்களில்தான் தண்டவாளப் பராமரிப்பு வேலைகளை வைத்துக்கொள்வார்கள். சில தடங்களில் ரயிலுக்குப் பதில் பேருந்து ஓடும். எனவே வெள்ளிக்கிழமை இரவு என்.எஸ். செயலியிலோ, பொதுப் போக்குவரத்து வழி காட்டும் 9292 என்ற செயலியிலோ மறுநாள் காலைப் பயணத்தை ஒருமுறை தேடிப் பாருங்கள். ஒரு வாரத்துக்கு முன் பார்த்து எழுதி வைத்த நேரத்தை நம்ப வேண்டாம்.

பதில்: நீலப் பீங்கான்

மேலே உள்ளவர்கள் டெல்ஃப்டை ஒரு வரியில்கூடச் சொல்லாதது வருத்தமளிக்கிறது. வரலாற்று ஆசிரியர் என்கிறீர்கள். நெதர்லாந்தின் வரலாறு, ஸ்பெயினுக்கு எதிரான கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய வில்லியம் ஆஃப் ஆரஞ்சிடமிருந்து தொடங்குகிறது என்றால், அவர் 1584இல் சுட்டுக்கொல்லப்பட்ட ஊர் டெல்ஃப்ட். அவருடைய கல்லறை சந்தைச் சதுக்கத்தில் உள்ள நியவ கெர்க் என்ற தேவாலயத்தில் இருக்கிறது. ஓவியர் வெர்மீர் அடக்கம் செய்யப்பட்ட அவுட கெர்க், சாய்ந்த கோபுரத்தோடு சில தெருக்கள் தள்ளி நிற்கிறது. லைடனைவிடச் சிறிய ஊர். நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில் எல்லாமே வந்துவிடும். லைடனிலிருந்து டெல்ஃப்ட் ரயிலில் இருபது நிமிடம்தான். காலையில் லைடன், பிற்பகலில் டெல்ஃப்ட் என்று வைத்துக்கொண்டால் இரண்டையும் பார்த்துவிடலாமே?

பதில்: கடலோர ஹேக்

நீலப் பீங்கான் அவர்களுக்கு: டெல்ஃப்டை நான் குறைத்து மதிப்பிடவில்லை. லைடன் முற்றுகையைத் தாங்கியதற்குக் கைம்மாறாக 1575இல் அந்த ஊருக்குப் பல்கலைக்கழகத்தை அளித்தவரும் நீங்கள் சொல்லும் அதே வில்லியம்தான். ஆகவே ஆளைத் தேடி இரண்டு ஊருக்கும் போகலாம். ஆனால் அந்த இருபது நிமிடம் என்பது ரயிலில் உட்கார்ந்திருக்கும் நேரம் மட்டுமே. கால்வாய்க்கரையிலிருந்து நிலையத்துக்குத் திரும்பி நடப்பது, நடைமேடை ஏறுவது, காத்திருப்பது, டெல்ஃப்டின் நிலத்தடி நிலையத்திலிருந்து மேலே வருவது எல்லாவற்றையும் கூட்டினால் ஒன்றேகால் மணி நேரம் போய்விடும். அதுவும் மதிய உணவுக்குப் பின், கால் வலிக்கத் தொடங்கும் வேளையில். மூன்று ரயில் நிலையங்களைக் காட்டிய கதை இரண்டாகக் குறையுமே தவிர மாறாது. தனியாக வந்திருந்தால் உங்கள் யோசனைதான் சரி.

பதில்: ஏட்டுச்சுவடி

செப்பேடுகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். லைடன் செப்பேடுகள் என்று நாம் அழைப்பவை இரண்டு தொகுதிகள். பெரியதில் 21 ஏடுகள். அவற்றில் 5 சமஸ்கிருதம், 16 தமிழ். நாகப்பட்டினத்தில் கடாரத்து அரசர் எழுப்பிய சூடாமணிவர்ம விகாரம் என்ற பௌத்தப் பள்ளிக்கு ஆனைமங்கலம் ஊரின் வருவாயை முதலாம் இராசராசன் அளித்ததைச் சொல்வது. இராசேந்திர சோழனின் முத்திரை பதித்த வளையத்தில் கோக்கப்பட்டது. சிறிய தொகுதி 3 ஏடுகள் கொண்டது, முதலாம் குலோத்துங்கன் காலத்தது. 1658இல் போர்த்துக்கீசியரிடமிருந்து நாகப்பட்டினத்தைக் கைப்பற்றிய டச்சுக்காரர்கள் 1781 வரை அங்கே இருந்தார்கள் என்பது, அந்த ஏடுகள் எப்படி இவ்வளவு தூரம் வந்தன என்ற கேள்விக்குப் பின்னணி.

ஆனால் பயணத் திட்டம் போடும் உங்களுக்கு முதலில் தெரிய வேண்டியது வேறு. இவை நெடுங்காலம் இருந்துவந்தது பல்கலைக்கழக நூலகத்தின் சிறப்புச் சேகரிப்பில். சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கண்ணாடிப் பேழையில் பார்க்கும் அருங்காட்சியகப் பொருளாக இருந்ததில்லை. இந்தியாவுக்குத் திருப்பித் தருவது பற்றிய பேச்சும் நடந்துவந்திருப்பதால், பயணத்துக்குச் சில வாரங்களுக்கு முன்பே நூலகத்துக்கு மின்னஞ்சல் எழுதி, அவை எங்கே இருக்கின்றன, பார்க்க இயலுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சனிக்கிழமையன்று நேரில் போய்க் கேட்டுப் பயனில்லை. செப்பேடுகளைப் பார்ப்பதற்காகவே லைடன் என்று தந்தையிடம் சொல்லி அழைத்துவந்து ஏமாற்றிவிடாதீர்கள். அவை இல்லாமலே அந்த ஊர் அவரை நிறுத்தி வைக்கும்.

எதைக் கொண்டு என்று கேட்டால், ராப்பன்பர்க் கரையில் உள்ள தேசியத் தொல்பொருள் அருங்காட்சியகத்தைச் சொல்வேன். உள்ளே நுழைந்தவுடன் முன்கூடத்திலேயே ஒரு முழு எகிப்தியக் கோயில் நிற்கிறது. தாஃபே என்ற ஊரில் நைல் கரையில் இருந்தது. அஸ்வான் அணையால் மூழ்கவிருந்த நினைவுச் சின்னங்களைக் காப்பாற்ற உதவியதற்காக எகிப்து நெதர்லாந்துக்கு அதைப் பரிசாக அளித்தது. கல் கல்லாகப் பிரித்து எடுத்து வந்து மீண்டும் அடுக்கியிருக்கிறார்கள். நான் முதல்முறை போனபோது அருகிலிருந்த பெஞ்சில் அமர்ந்து அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாசல் தூணைக் கைநீட்டித் தொடலாம் என்ற அளவுக்குப் பக்கத்தில் நிற்கிறது, தொடக் கூடாது. ஒரு நாட்டின் கல் இன்னொரு நாட்டின் கூரைக்குக் கீழ் நிற்பது பரிசாகவா, கொள்ளையாகவா என்ற பேச்சை உங்கள் தந்தையோடு தொடங்குவதற்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

அங்கிருந்து சில அடிகளில், அதே கரையில், பல்கலைக்கழகத்தின் தாவரத் தோட்டமான ஹோர்ட்டஸ் பொட்டானிக்கஸ் இருக்கிறது. 1590இல் தொடங்கப்பட்டது. 1593இல் பொறுப்பேற்ற குளூசியஸ் என்ற தாவரவியலாளர் நட்ட துலிப் கிழங்குகள் மறு ஆண்டு இங்கே பூத்தன. அக்டோபரில் துலிப் இருக்காது, ஆனால் இலைகள் நிறம் மாறியிருக்கும். உட்கார நிறைய இடம் உண்டு. அறிவியலில் நாட்டம் இருந்தால் புர்ஹாவ அருங்காட்சியகமும் உண்டு. ஹீலியத்தை முதன்முதலில் திரவமாக்கிய காமர்லிங் ஒன்னஸ் 1908இல் அதைச் செய்தது இந்த ஊரில்தான். ஆனால் இரண்டு அருங்காட்சியகம் ஒரு நாளுக்கு அதிகம்.

சுவர்களையும் பார்த்துக்கொண்டே நடங்கள். 1992 முதல் வீட்டுச் சுவர்களில் பல மொழிக் கவிதைகளை அந்தந்த எழுத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். நூற்றுக்கும் மேல் இருக்கின்றன.

கொங்குத்தடம்

விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. நாளைச் சனிக்கிழமைக்கு மாற்றிவிட்டேன், ஊர் லைடன் ஒன்றுதான். நூலகத்துக்கும் எழுதியிருக்கிறேன். நீலப் பீங்கான் அவர்கள் கோபிக்க வேண்டாம்; அடுத்த முறை டெல்ஃப்ட். இன்னும் இரண்டு சிறு கேள்விகள்: தந்தை சைவ உணவு மட்டுமே உண்பவர், முட்டையும் சேர்ப்பதில்லை, மதியத்துக்கு என்ன கிடைக்கும்? கழிப்பறை வசதி எப்படி?

பதில்: கடலோர ஹேக்

கழிப்பறையைப் பற்றிக் கேட்டது நல்லது, பலர் கேட்கக் கூசுவார்கள். நிலையத்தில் உள்ளது கட்டணக் கழிப்பறை. அங்கும் அட்டையைக் காட்டித்தான் கதவு திறக்கும். தெருவில் அரிது. ஆகவே அருங்காட்சியகத்திலும் சாப்பிடும் இடத்திலும் தேவை இருக்கிறதோ இல்லையோ போய்வந்துவிடுவது என் வீட்டுப் பெரியவர்களுக்கு நான் வகுத்த விதி.

உணவில் முட்டையும் வேண்டாம் என்றால் இந்த ஊரின் புகழ்பெற்ற அப்பங்கள் கழிந்துவிடும். பன்னகூக் எனப்படும் அந்த அப்பத்தின் மாவில் முட்டை இருக்கும். சந்தையில் மொறுமொறுவென்று பொரித்துத் தரும் உருளைக்கிழங்கு வறுவல், பழம், ரொட்டி, பருப்பு வகைகள் கிடைக்கும். ஃபலாஃபல் விற்கும் கடைகள் ஊருக்குள் உண்டு. லைடனுக்கென்றே ஒரு பாலாடைக்கட்டி இருக்கிறது, சீரகம் போட்டது. வெட்டிய துண்டில் கருஞ்சீரகமோ சோம்போ அல்லாமல் நம் வீட்டுச் சீரகத்தின் மணமே வரும். சந்தையில் சுவைத்துப் பார்க்கத் துண்டு நீட்டுவார்கள். ஆனால் மரபான முறையில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளைக் கொண்டுதான் அதை உறைய வைப்பார்கள். தந்தை கண்டிப்பான சைவர் என்றால் கேட்டுவிட்டு வாங்குங்கள். கேட்காமல் வாங்கித் தந்துவிட்டுப் பிறகு சொல்லாதீர்கள். விடுதியிலிருந்து புளிசாதமோ சப்பாத்தியோ கட்டிக்கொண்டுபோய் ஹோர்ட்டஸ் வாசலுக்கு எதிரே கால்வாய்க்கரையில் அமர்ந்து உண்பதில் எந்தத் தடையும் இல்லை. நாங்கள் பலமுறை அப்படித்தான் செய்திருக்கிறோம்.

கொங்குத்தடம்

போய்வந்துவிட்டோம். நடந்ததை எழுதிவிடுகிறேன், பின்னால் வருபவர்களுக்கு உதவும்.

வெள்ளி இரவு செயலியில் பார்த்தபோது எங்கள் தடத்தில் வேலை எதுவும் இல்லை. சனி காலை ஒன்பதே முக்காலுக்கு ஸ்கிப்போலில் ஏறினோம். கதவருகே மடக்கு இருக்கையில் தந்தை அமர்ந்துகொண்டார், எழுந்து லைடனில் இறங்கும்போது, "இதற்குத்தானா இத்தனை ஆராய்ச்சி?" என்று கேட்டார். லைடனில் வாயிற்கதவு இருந்ததால் அட்டையைக் காட்டாமல் வெளியே வர வழியே இல்லை. முதலில் படகில் ஏறினோம். ஏறும்போதும் இறங்கும்போதும் படகோட்டி கை கொடுத்தார். பாலங்களுக்கு அடியில் போகும்போது எல்லோரையும் குனியச் சொன்னார், தந்தை மட்டும் குனிந்தபின் நிமிர மறந்து அடுத்த பாலம்வரை அப்படியே இருந்தார்.

நூலகத்திலிருந்து மரியாதையாகப் பதில் வந்திருந்தது, ஆனால் எங்கள் நாளில் பார்க்க வாய்ப்பில்லை. அதை முன்பே சொல்லியிருந்ததால் தந்தைக்கு வருத்தமில்லை. விட்டெ சிங்கல் என்ற கால்வாயின் கரையில் உள்ள நூலகக் கட்டடத்தை வெளியிலிருந்து பார்க்க வேண்டும் என்று மட்டும் கேட்டார். போய் நின்றோம். எந்த அலங்காரமும் இல்லாத அலுவலகம் போன்ற கட்டடம். வாசலில் வரிசையாக மிதிவண்டிகள். "நாகப்பட்டினம் கடலோரத்தில் இருந்தது, இங்கேயும் தண்ணீர் ஓரத்தில்தான் வைத்திருக்கிறார்கள்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

தாஃபே கோயிலின் முன் ஒன்றரை மணி நேரம் போயிற்று. நான் மேல்தளங்களைச் சுற்றிவிட்டுத் திரும்பியபோதும் அவர் அதே பெஞ்சில் இருந்தார். வகுப்பறையில் கேட்பதைப் போல, இந்தக் கல்லில் பின்னாளில் யார் சிலுவை செதுக்கியிருப்பார்கள் என்று என்னைக் கேட்டார். ஹோர்ட்டஸுக்கு எதிரே சப்பாத்தி. பிறகு சந்தையில் சீரகப் பாலாடைக்கட்டி. கடைக்காரரிடம் உறைபொருளைப் பற்றிக் கேட்டோம், கன்றினுடையதுதான் என்று நேர்மையாகச் சொன்னார். தந்தை முகர்ந்து பார்த்துவிட்டு எனக்கு நூறு கிராம் வாங்கச் சொன்னார். பீட்டர்ஸ்கெர்க் தேவாலயமும் மேட்டுக்கோட்டையும் திட்டத்தில் இருந்தன. நான்கு மணிக்கு முழங்காலைத் தடவத் தொடங்கினார், இரண்டையும் விட்டுவிட்டோம்.

தவறு திரும்பும்போது நேர்ந்தது. ஸ்கிப்போலில் வாயிற்கதவு கிடையாது, கம்பங்கள் மட்டுமே. லைடனில் கதவு தானாக நிறுத்தியதால், இங்கேயும் நிறுத்தும் என்ற எண்ணத்தில் லிஃப்டில் மேலே வந்து, கூட்டத்தோடு கூட்டமாக நேரே விடுதிப் பேருந்து நிற்கும் இடத்துக்கே நடந்துவிட்டோம். வண்டிக்காகக் காத்திருந்தபோது தந்தைதான், "இந்த அட்டையைக் காலையில் இரண்டு முறை காட்டினேன், மாலையில் ஒரு முறைதானே காட்டியிருக்கிறேன்?" என்று கேட்டார். அவரை அங்கேயே அமர வைத்துவிட்டு, எந்த அட்டை யாருடையது என்று மாறிவிடாமல் இரண்டையும் இரண்டு சட்டைப் பைகளில் போட்டுக்கொண்டு ஓடினேன். முதலில் கண்ணில் பட்ட கம்பத்தில் இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டினேன். இரண்டு முறையும் பயணம் முடிந்தது என்ற செய்தி திரையில் வந்தது. விடுதிப் பேருந்து ஒன்று போய்விட்டது, அடுத்ததற்கு இருபது நிமிடம் நின்றோம்.

மறுநாள் இரு கணக்கிலிருந்தும் ஒரே தொகை பிடிக்கப்பட்டிருந்தது.